தாசையனின் சாணைப்பொடி

கத்தி தீட்டிப் பிழைக்கிறவன் துருவைக்கூடப் பொறுத்துக்கொள்வான், எதிரே இன்னொருத்தன் தீட்டுவதைப் பொறுக்கமாட்டான். சாணை சுற்றும் சகபாடிகளே, உங்களுக்கும் ஒருத்தன் வாய்த்திருப்பான். முப்பதுகளில் இரணியல் சந்தையில் எனக்கு வாய்த்தவன் தாசையன். அரக்கை உருக்கி, கல்லை இடித்த பொடியைக் கலந்து வார்த்தால் சாணை. எனக்கும் அதே அரக்கு, அதே கல். கூட்டம் மட்டும் அவன் பக்கம். வயிறு எரிந்தது.

மாவு, ரவை, நொய்

வேகத்திலாவது அவனை மடக்கலாம் என்று பொடியைப் பருமனாக்கினேன். மாவிலிருந்து ரவைப் பருமனுக்குப் போனபோது இரும்பு மளமளவென்று தேய்ந்தது. ஆசை விடுமா? நொய்யரிசி அளவுக்குப் போனேன். வேகம் இம்மியும் கூடவில்லை, கீறல்தான் ஆழமாக விழுந்தது. தேங்காய் வியாபாரி ஒருவர் தன் வெட்டுகத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஓய், நீரு தீட்டினீரா, உழுதீரா?"

ஒரே ஒரு பருக்கை

வெட்டுகத்தி போனால் போகிறது. சவரக்கத்தியை நம்பிக் கொடுத்தால்தான் சந்தையில் நம்மைத் தொழில்காரன் என்பார்கள். எனக்கு மிஞ்சியிருந்தவர் சவரக்காரர் வேலாயுதன் ஒருவர்தான். அவருக்காகப் பொடியைப் பழைய வேட்டியில் சலித்தேன். துணியில் எங்கோ கிழிசல். ஒரே ஒரு பருக்கை தப்பி விழுந்து, கத்தியின் கூர்வாயைக் கெடுத்துவிட்டது. மறுநாளே வந்து நின்றார்.

"கல்யாண மாப்பிளைக்க கன்னத்துல ரெத்தம் வந்துட்டு ஓய். இன்னொரு தடவ இப்பிடியின்னா, நான் தாசையனுட்ட போயிருவேன், சொல்லிட்டேன்."

ஓலைவேலி

அன்று சாயங்காலமே தாசையன் வீட்டு ஓலைவேலிக்குப் பின்னால் குந்தினேன். வெட்கமாகத்தான் இருந்தது, பொறாமை அதைவிடப் பெரிதாக இருந்தது. அவன் பொடியைச் சட்டித் தண்ணீரில் கலக்கினான். சற்றுப் பொறுத்து, கலங்கல் தண்ணீரைச் சரிக்கத் தொடங்கினான். அதற்குள் நாய் என்னைக் கண்டுவிட்டது; எடுத்தேன் ஓட்டம். பார்த்தவரை போதும் என்று நானும் கலக்கினேன். கலங்கலை வாழைமரத்து மூட்டில் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதைச் சாணையாக வார்த்து வேலாயுதனின் கத்தியைத் தீட்டினேன். அது ரம்பமாகிவிட்டது.

வேலாயுதன் சொன்னபடியே செய்தார். சந்தையே பார்க்க, கத்தியை எதிர்ப்பக்கம் தாசையனிடம் கொண்டுபோனார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நீ செஞ்சதத்தானே நானும் செஞ்சேன்!" என்று தாசையனைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அடியில கெடக்கியது பருக்கையாக்கும் மக்கா. நயம் பொடி கலங்க வெள்ளத்துலதான் நிக்கும், அத வேற சட்டியில ஊத்தித் தெளிய வைக்கணும். எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கேட்டிருக்கலாம்தான், ஆனால் அதற்கு அவன் என்னைவிட மட்டமாகத் தீட்டுகிறவனாக இருந்திருக்க வேண்டும்.