மச்சான் பேரிங்

கடலூர் முதுநகர் சவரிமுத்துவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் பாக்கியமேரி, இளையவன் லூர்துசாமி. பாக்கியமேரியைக் காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிக்கரையை ஒட்டிய ஊரில் சூசைராஜுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சூசைராஜ் யாரென்றால், சவரிமுத்துவின் ஒன்றுவிட்ட தங்கை சின்னம்மாள் இருந்தாளே, அவளுடைய கொழுந்தன் மகன். அப்படிச் சுற்றி வந்து சேர்ந்த உறவு அது.

லூர்துசாமி அப்பனைப் போலவே துறைமுகத்தில் படகு இஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். சுனாமி வந்து படகுகளை வாரிக்கொண்டு போனபோது அவன் பிழைப்பும் கூடவே போய்விட்டது. வீட்டில் பெண்டாட்டி, கைக்குழந்தை. அந்த நாலைந்து மாதமும் அவன் வீட்டு அடுப்பில் வெந்தது அக்கா வீட்டு அரிசிதான். யார் கையிலும் கொடுத்தனுப்பாமல் சூசைராஜே மூட்டையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார். இறக்கி வைத்துவிட்டு, "மொகத்தத் தூக்கு மச்சான். நெல்லு வெளையுற வரைக்கும் உன் வூட்டுல சோறு இருக்கும்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூட குடிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். மச்சான் என்று அவர் கூப்பிடுகிற குரலே தெருக்கோடி வரை கேட்கும்.

மறு வருஷம் லூர்துசாமிக்கு மஞ்சக்குப்பத்தில் கிளை வைத்திருந்த அறுவடை மிஷின் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் வயலில் நின்றுபோன மிஷினை ஓட வைக்கிற வேலை. கடல் இஞ்சின் பழகிய கைக்கு வயல் இஞ்சின் சீக்கிரம் படிந்தது. தை, மாசி இரண்டு மாதமும் வண்டியை விட்டு இறங்க நேரமிருக்காது.

அந்த மிஷினில் நெல்லை அறுக்கும் கத்தியை ஆட்டுகிற இடத்தில் ஒரு பேரிங் உண்டு. உள்ளங்கையில் அடங்கும். அது உடைந்தால் யானை கணக்காய் இருக்கிற மிஷின் நடுவயலில் அப்படியே நின்றுவிடும். அறுவடைக் காலத்தில் அதற்கு எப்போதும் தட்டுப்பாடு. மெட்ராஸிலிருந்து வர வேண்டும். எப்போது வரும் என்று வந்த பிறகுதான் தெரியும். ஆகவே மெக்கானிக்குகளிடம் ஒரு வழக்கம் உண்டாயிற்று. மழைக்காலத்திலேயே ஆளுக்கொரு பேரிங்கை எப்படியாவது தேற்றி, யாருக்கும் சொல்லாமல் பதுக்கி வைத்துக்கொள்வார்கள். ஒருவன் டிபன் கேரியரின் அடித்தட்டில், ஒருவன் வண்டி சீட்டுக்கு அடியில். மாமன் மச்சான் வயலில் மிஷின் நின்றால் எடுத்து மாட்ட. அதற்கு அவர்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர், மச்சான் பேரிங்.

லூர்துசாமி அப்படி எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அதன் பலனை 2010 மாசியில் அனுபவித்தான். அக்கா வயலில் பாதி அறுத்த நிலையில் பேரிங் போனது. ஆபீஸுக்குப் போன் போட்டான், லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது குடோனில் சரக்கு இல்லை. மெட்ராஸ் பேரிங் வருவதற்குள் மழை வந்துவிட்டது. சாய்ந்த நெல் தண்ணீரிலேயே கிடந்து முளைவிட்டது. மணி மணியாக விளைந்த நெல்லில் பச்சை முளை எட்டிப் பார்த்ததைக் கண்டு பாக்கியமேரி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து ஒரு கல்யாண விருந்தில் சூசைராஜ் பந்தியில் உட்கார்ந்தபடியே, எல்லாரும் கேட்கச் சொன்னார்:

"ஊருக்கெல்லாம் மிஷின் ஓட்டி வுடுறாரு மெக்கானிக்கு. அவுங்க அக்கா வயலுன்னா மட்டும் அவுருக்குக் கை வர மாட்டேங்குது."

லூர்துசாமி இலையை மடித்துவிட்டு எழுந்தான். அதற்கப்புறம் சூசைராஜ் வாயில் மச்சான் என்ற சொல் வரவில்லை. நேரில் பார்த்தாலும் மெக்கானிக்கு. அதுவும் அவனைப் பார்த்துச் சொல்வதில்லை, பக்கத்தில் நிற்கும் மாட்டைப் பார்த்துச் சொல்வது. கிறிஸ்துமஸுக்கு அக்கா வரவில்லை. அவர்கள் அப்பன் செத்த பிறகு அவள் வராத முதல் கிறிஸ்துமஸ் அது.

வருகிற அறுவடையில் அக்கா வயலை ஒரு மணி நெல் குறையாமல் கரையேற்றுவது என்று லூர்துசாமி அந்தப் பந்தியிலிருந்து எழுந்த அன்றே மனசுக்குள் முடிச்சுப் போட்டிருந்தான். ஐப்பசியிலேயே ஒரு பேரிங்கைத் தேற்றினான். கோயில் காலண்டர் தாளில் சுற்றி, வண்டிப் பெட்டியில் பழைய துணிக்கு அடியில் வைத்தான். பெண்டாட்டிக்குக்கூட அவன் சொல்லவில்லை.

மார்கழியில் கம்பெனி எல்லா மெக்கானிக்கையும் மஞ்சக்குப்பத்துக்கு வரச்சொல்லி ஆளுக்கொரு போன் கொடுத்தது. பேசுகிற போன்தான், ஆனால் அதற்குள் கம்பெனியின் கணக்கே இருந்தது. எந்த ஊரில் எந்த மிஷின் நிற்கிறது, குடோனில் என்ன சரக்கு இருக்கிறது, எல்லாம் அதில் தெரியும். சாமான் பிரிவில் இருக்கிற அனுப்பிரியா எழுந்து விளக்கினாள்.

"உங்க பையில, பெட்டியில, சீட்டுக்கு அடியில என்னா இருக்குதோ எல்லாத்தையும் இதுல ஏத்திடுங்க. யாருகிட்ட எது இருக்குதுன்னு எல்லாரும் பாக்கலாம். லைன் கெடைக்கலன்னு என்னைத் திட்ட வேணாம்."

சிதம்பரம் பக்கத்தைப் பார்க்கிற பழனிவேல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பவன் இல்லை. "ஏம்மா, எம் பொண்டாட்டியே எம் பையைத் தொறந்து பாத்தது இல்ல. நீ ஜில்லாவுக்கே தொறந்து காட்டச் சொல்றியே."

"அவுங்க தொறந்து பாத்திருந்தா உங்க வூட்டுல சண்டை ஜாஸ்தியாயிருக்கும்ணா" என்றாள் அனுப்பிரியா. கூடம் சிரித்தது.

சிரித்துவிட்டு எல்லாரும் ஏற்றினார்கள். நட்டு ஏற்றினார்கள், போல்ட்டு ஏற்றினார்கள், கிரீஸ் டப்பாவை ஏற்றினார்கள். பேரிங் மட்டும் எவன் பையிலும் இல்லை. லூர்துசாமியும் பூஜ்யம்தான் போட்டான். தை பிறந்து அறுவடை தொடங்கியும், அந்தப் போனில் தட்டிப் பார்த்தால் கடலூர் ஜில்லா முழுக்க ஒரு பேரிங்கும் கிடையாது. புதுப் போன் வந்து என்ன பிரயோஜனம் என்று எல்லாரும் போனைத்தான் குறை சொன்னார்கள்.

தை கடைசியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொன்னார்கள். அக்கா வயலுக்கு வியாழக்கிழமை மிஷின் வருகிறது என்று பாக்கியமேரி புருஷனுக்குத் தெரியாமல் தம்பிக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். புதன் மத்தியானம் லூர்துசாமியின் போன் கிணுகிணுத்தது. புவனகிரிக்குத் தெற்கே சுப்பராயலு என்பவர் வயலில் மிஷின் நிற்கிறது. கிட்டத்தில் இருப்பது நீதான், போ என்றது.

போய்ப் பார்த்தான். பேரிங் தூளாகிக் கிடந்தது. பாதி வயல் அறுத்தது, பாதி வயல் தலை சாய்ந்து நிற்கிறது. சுப்பராயலு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தைலம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு, தனி ஆளாகவே கையால் அறுக்க இறங்கியிருந்தாள்.

"பேரிங் போயிடுச்சிங்க. வந்தாத்தான் மாட்ட முடியும்" என்றான் லூர்துசாமி.

தைலம்மாள் நிமிரவில்லை. "நீங்க என்னா பண்ணுவீங்க தம்பி. எங்க நேரம் அப்புடி. கையால அறுத்தது வரைக்கும் எங்களுது, மீதி மழைக்கு."

திட்டியிருந்தால் திரும்பி வந்திருப்பான். அவள் திட்டவில்லை. போன மாசியில் வரப்பில் உட்கார்ந்த தன் அக்காளும் இப்படித்தான் ஒரு வார்த்தை திட்டவில்லை என்பது அவனுக்கு நினைவு வந்தது. வண்டிக்குப் போனான், பெட்டியைத் திறந்தான், மூடினான். துணிக்கு அடியில் இருக்கும் பேரிங்குக்கு அக்கா முகம் இருந்தது. வயலில் குனிந்து அறுக்கிறவளுக்கும் அதே முகம் இருந்தது. நாளைக்கு அக்கா வயலில் பேரிங் உடையலாம், உடையாமலும் போகலாம். இங்கே உடைந்தே கிடக்கிறது.

மறுபடி திறந்து எடுத்தான். மாட்டியதைப் போனில் பதிய வேண்டும். யார் பையிலிருந்து வந்தது என்று காட்டாமல் அது பதியாது. ஆகவே முதலில் தன் பெயருக்கு நேரே பேரிங் ஒன்று என்று போட்டான். போனைப் பையில் போடுவதற்குள் பழனிவேல் கூப்பிட்டான்.

"அண்ணா, உன் பையில பேரிங் இருக்குதுன்னு காட்டுது. போனு கெட்டுப் போச்சா?"

"போனு நல்லாத்தான் இருக்குது. நான்தான் சரியில்லாம இருந்தேன். அக்கா வயலுக்குன்னு ஒளிச்சு வெச்சிருந்தேன். இப்ப சுப்பராயலு மிஷின்ல மாட்டுறேன்."

"அக்கா வயலு எப்ப?"

"நாளைக்கு."

பழனிவேல் சட்டென்று போனை வைத்துவிட்டான். மிஷின் ஓடியது. பொழுது சாயும்போது சுப்பராயலுவின் கடைசிப் பாத்தியும் அறுத்தாயிற்று. தைலம்மாள் இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு கும்பிட்டாள்.

வியாழக்கிழமை காலையிலேயே லூர்துசாமி காட்டுமன்னார்கோயிலுக்கு வண்டியை விட்டான். கூப்பிடாமலே போனான். கிழக்கே வானம் மையாக இருந்தது. மிஷின் அக்கா வயலில் நல்லபடியாக இறங்கி முக்கால் வயல் வரை போனது. அப்புறம் கடகடவென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது. இறங்கிப் பார்க்காமலே பேரிங்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

சூசைராஜ் பக்கத்தில் நின்ற டிராக்டரைப் பார்த்துச் சொன்னார்: "மெக்கானிக்கு வந்துட்டாருல்ல, இனிமே மிஷின் ஓடுமா? மழையவும் கையோட கூட்டிக்கினு வந்திருப்பாரு."

"சும்மா இரு நீ" என்று புருஷனை அதட்டிவிட்டுப் பாக்கியமேரி தம்பியிடம் வந்தாள். "அந்தப் போனைப் பாரேன்டா."

"அதுல ஒண்ணும் இருக்காதுக்கா. இருந்த ஒண்ணையும் நேத்து நான் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"யாரோ ஒரு அம்மா. உன்ன மாதிரி."

பாக்கியமேரி அவன் தோளைத் தட்டினாள். "சரி, குடுத்தது நல்லதுதான். ஆனாலும் பாரு."

வயலில் சிக்னல் இல்லை. ஏரிக்கரை மேல் ஏறினான். பின்னாலேயே அவளும் ஏறினாள். போனில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏரிக் காற்று சில்லென்று அடித்தது. பிறகு பெயர்கள் வந்தன. லூர்துசாமி, பூஜ்யம். அதற்குக் கீழே பழனிவேல், ஒன்று. அதற்குக் கீழே இருந்தவனுக்கும் ஒன்று. அதற்குக் கீழேயும் ஒன்று. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. நேற்று வரை ஒரு பேரிங்கும் இல்லாத ஜில்லாவில் ஏழு பேரிங் முளைத்திருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் பழனிவேல் ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டு, "லூர்து அண்ணன் சொந்த அக்கா பேரிங்கையே எடுத்து மாட்டிட்டாரு. நாம எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஒளிச்சு வெச்சிருக்கிறது?" என்று பிடிபிடியென்று பிடித்தது லூர்துசாமிக்குப் பிற்பாடுதான் தெரியும்.

"ஏன்டா, இத்தினி பேரும் ஒளிச்சு வெச்சிருந்தீங்களா?" என்றாள் பாக்கியமேரி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "போன வருஷம் எங்கடா போயிருந்துச்சு இதெல்லாம்?"

லூர்துசாமி அவசரமாகப் பழனிவேல் பெயருக்கு நேரே அழுத்தினான். அழுத்தின விரலை எடுக்கவில்லை, போன் அடித்தது.

"அண்ணா, நீ எப்ப கேப்பேன்னு காலையிலேருந்து பஸ் ஸ்டாண்டுக்கிட்டயே நிக்கிறேன். காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸு கெளம்புது, கண்டக்டரு கையில குடுத்துட்டேன். எம் மாமியா வயலுக்கு வெச்சிருந்த பேரிங்கு அது. மழை வந்து மாமியா வயலு முழுவிச்சின்னு வெச்சிக்கோ, நீதான் வந்து அது கையில பேச்சு வாங்கணும்."

லூர்துசாமி கரையிலிருந்து இறங்கி ரோட்டுக்கு ஓடினான். முக்கால் மணி நேரம் கழித்துப் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "இங்க யாருய்யா லூர்துசாமி?" என்றார். பொங்கலுக்கு வாங்கின மிட்டாய்ப் பெட்டி ஒன்றை நீட்டினார். "பெட்டிக்குள்ள ஸ்வீட்டு இல்ல, இரும்பு மாதிரி கனக்குது. என்னா விசேஷம்?"

"அறுப்புதான் விசேஷம்" என்று சொல்லிவிட்டு வயலுக்கு ஓடினான்.

படகு இஞ்சினைக் கடலின் ஆட்டத்தில் கழற்றி மாட்டிய கை அது. சேற்றில் மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை செய்தான். சூசைராஜ் வரப்பில் நின்று பார்த்தார். பிறகு இறங்கி வந்து, அவன் கேட்காமலே ஸ்பேனரை எடுத்துக் கையில் கொடுத்தார். மிஷின் உறுமியது. கத்தி சரசரவென்று ஓடியது. பாக்கியமேரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சத்தம் போட்டாள்.

கடைசிப் பாத்தியின் நெல் டிராக்டரில் கொட்டியது. தார்ப்பாயைப் போர்த்தி கயிற்றை இழுத்துக் கட்டி முடிக்கவும் முதல் தூறல் விழுந்தது. வலுத்தது. மொட்டை வயலில் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அது நனைக்க அங்கே ஒரு மணி நெல் இல்லை.

வேலை முடிந்ததற்கு வயல்காரர்தான் போனில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். லூர்துசாமி தயங்கித் தயங்கிப் போனை நீட்டினான். சூசைராஜ் சேற்று விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினார். போனைத் திருப்பிக் கொடுக்காமல் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். மழைச் சத்தத்தையும் மீறி, தெருக்கோடி வரை கேட்கிற அந்தப் பழைய குரல் வந்தது.

"மழையில என்னாத்துக்கு நிக்கிற மச்சான்? உள்ள வா, சோறு ஆறிப்போவுது!"

சாப்பிடும்போது சூசைராஜ் மெல்லக் கேட்டார்: "அடுத்த வருஷத்துக்கு நமக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிடுறியா?"

பாக்கியமேரி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள். "ஒண்ணும் வேணாம். எல்லாம் அந்தப் போன்லயே கெடக்கட்டும். ஒண்ணை ஒளிச்சு வெச்சா ஒண்ணுதான் இருக்கும். வெளியில வெச்சதாலதான் இன்னிக்கு ஏழு இருந்துச்சு."