மரநாய் குடித்த பதனீர்

எங்கள் அப்பா பனைமேல் இருக்கும்வரை நிதானமான மனிதர். தரையில் இறங்கிவிட்டால் கண்மண் தெரியாத கோபக்காரர். அந்தக் கோபத்தில் பாதி எனக்கும் வந்திருக்கிறது. இதை எழுதும்போதும் அவர்மேல்தான் அது திரும்புகிறது.

மலையாள நாட்டோடு கிடந்த எங்கள் தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று பாறசாலைப் பக்கமெல்லாம் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த வருடங்கள் அவை. அப்பா ஒரு கூட்டத்தையும் விடமாட்டார். அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. என் வயிற்றெரிச்சல் வேறு.

அந்தக் கோடையில், பனையில் கட்டிய கலயங்களில் பதனீர் காணாமல்போகத் தொடங்கியது. விடிந்து அப்பா ஏறிப் பார்த்தால் கலயம் வழித்து நக்கியதுபோல் இருக்கும். ஒன்றிரண்டு கீழே உடைந்து கிடக்கும். அடுத்த வீட்டுக்காரர் மலையாளம் பேசுகிறவர், கூட்டத்துக்கு வராதவர். அப்பாவுக்கு அது போதுமே.

"அவனுக்க வேலையாக்கும் இது."

எங்கள் கிணற்றுக்கு அவர்கள் வரும் வழியை அன்றே கழிகளும் மட்டைகளும் வைத்து அடைத்துவிட்டார். அந்த வீட்டில் கிணறு கிடையாது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் மனைவி, நான் சேச்சி என்று கூப்பிடும் அக்கா, தண்ணீருக்காக வயலுக்கு அப்பால் குளம்வரை நடந்தாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. திருடன் எங்கள் மச்சில்தான் குடியிருந்தது. மரநாய். பகலெல்லாம் ஓட்டுக்கடியில் சுருண்டு தூங்கும். பொழுது சாய்ந்து வெளியே போனால், போன வழியில் சுடுசோற்று மணம் நிற்கும். எலி பிடிக்கும், பழம் தின்னும், இனிப்பென்றால் உயிரை விடும். நகத்தால் பற்றிப் பனையேறிக் கலயத்துக்குள் தலையை விட்டுவிடும். கண்ட இடத்தில் கழிக்கவும் செய்யாது. உயரமாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே போகும். எங்கள் மதில்மேல் அது தின்ற கூந்தல்பனைக் கொட்டைகள் முழுசு முழுசாகக் குவிந்து கிடந்தன.

அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன்.

"அப்பா, மரநாயாக்கும் குடிக்குது. பாருங்க."

அப்பா மட்டையால் எல்லாவற்றையும் தட்டிவிட்டார்.

"நீ யாருக்க பிள்ளைட்டி? வாய மூடிட்டுப் போ."

மறுநாள் பார்த்தால், பனையடியில் ஒரு கூண்டை வைத்து உள்ளே வாழைப்பழம் கட்டிக்கொண்டிருந்தார். மனுஷத் திருடனுக்கு யாராவது பழம் வைப்பார்களா? அடுத்த காலை மரநாய் கூண்டுக்குள் சீறிக்கொண்டிருந்தது.

தலைதெறிக்க ஓடிப்போய்ச் சேச்சியிடம் சொன்னேன். அவள் அப்படியே குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அடைப்புக்கு அந்தப் பக்கம் நின்று, குடத்தைக் கிணற்றுப் பக்கம் நீட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"கள்ளன் கிட்டியல்லோ அண்ணா. இனி வெள்ளம் கோரலாமா?"

அப்பா காது கேளாதவர்போல இன்னொரு கழியை எடுத்து அடைப்பில் செருகினார். சேச்சி குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அவருக்கு வேண்டியிருந்தது திருடன் அல்ல என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. "நில்லுங்க சேச்சி, அப்பா இப்ப பிரிச்சிருவாரு" என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தேன்.