துக்க வீட்டில் கேட்ட டோலக்

போன வருடம் ஈஸ்டருக்குப் பிறகு இறந்துபோன என் வீட்டுக்காரர், அந்த டிசம்பரில் எங்கள் கதவுக்கு வெளியே டோலக் வாசித்தார். சகோதர சகோதரிகளே, சிரிக்காமல் கேளுங்கள். என்னையும் என் மகளையும் அவள் வயிற்றுப் பிள்ளையையும் கர்த்தர் எதிலிருந்து தூக்கிவிட்டார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ரூபி. எர்ணாவூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். அவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டினார். டிசம்பர் வந்தால், வீடு வீடாகப் போய்ப் பாடும் சபையின் கேரல் குழுவுக்கு அவர்தான் டோலக். தெருமுனையில் அந்தத் தாளம் கேட்டாலே எங்கள் பிளாக் முழுக்கக் கதவு திறக்கும். வண்டியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார்.

துக்க வீட்டில் முதல் கிறிஸ்துமஸ் கொண்டாட மாட்டோம். நாங்கள் ஸ்டார் கட்டவில்லை, புதுத்துணி எடுக்கவில்லை. கேரல் குழுவிடமும், "இந்த வருசம் எங்க வூட்டுக்கு வராதீங்க, என்னால தாங்க முடியாது" என்று நானே சொல்லிவிட்டேன். ஆனால் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேக் ஆர்டர் எடுத்தேன். வேளைக்குச் சாப்பாடில்லை, தூக்கமில்லை. பிரஷர் மாத்திரை அலமாரியில் அப்படியே கிடந்தது. மேல்வீட்டு பர்வீன் அக்கா சோறு கொண்டுவந்து, "ஒடம்பப் பாத்துக்கடி" என்றால் அவர்மேலும் எரிந்து விழுவேன். மகள் ஷீபா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கக்கூட எனக்கு நேரமில்லை.

நான் கேக்கைக் கரியில் சுடுவேன். குண்டானுக்குள் மணல் பரப்பி, கேக் டின்னை வைத்து மூடி, கீழேயும் கரி, மூடி மேலேயும் கரி. அந்த ருசிக்குத்தான் ஆர்டர் வரும். எப்போதும் வராந்தாவில்தான் சுடுவேன். போன டிசம்பரில் மழை விடவே இல்லை. விட்ட நாளில் ரசாயன ஆலைகளின் பக்கமிருந்து நாற்றம் அடித்தது. எங்கள் ஏரியாவில் மூக்குதான் வாட்ச்மேன். நாறினால் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணிப்போம். நாறாவிட்டால் பயமில்லை என்று இருப்போம். நானும் அப்படியே எல்லாவற்றையும் சாத்திவிட்டு, கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் தலை கனத்தது. அப்போது மாடிப்படியில் டோலக் கேட்டது. மெதுவாக, அவர் எப்போதும் பாட்டைத் தொடங்கும் அதே தாளம். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். படியில் யாருமில்லை. வெளிக்காற்று முகத்தில் பட்டதும் சத்தம் நின்றுவிட்டது. ஷீபாவிடம் நான் மூச்சுவிடவில்லை.

மறுநாள் அவளே சொன்னாள். "அம்மா, அப்பா கால்மாட்டுல குந்திகினு கீறாரு. கூப்ட்டா பேச மாட்டேன்றாரு." கண்ணை நன்றாகத் திறந்துகொண்டுதான் சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் யாருமில்லை. கால்மாட்டில் மட்டும் விரிப்பு கசங்கியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதோம். அழுது முடித்து நான் மறுபடியும் அடுப்படிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு கதவைச் சாத்தி அடுப்பு மூட்டிய ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது. பொழுது சாயும் நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், நாற்றம் கடுமையாக இருந்த ஒரு நாள், பெரிய ஆர்டர் ஒன்றுக்காக மதியத்திலிருந்தே கரி எரிந்துகொண்டிருந்தது. ஷீபா உள்ளறையில் படுத்திருந்தாள். டோலக் அன்றைக்கு வெளியே கேட்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால், அடுப்படிக்குள்ளேயே கேட்டது. திரும்ப நினைத்தேன், கழுத்து அசையவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் இருக்கிற உணர்வே இல்லை. "ரூபி, வாயேன்" என்றார். அவர் குரலேதான். அவ்வளவு இதமாக இருந்தது. போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். உள்ளே முனகல்கூட இல்லை. அப்போதுதான் என் பிள்ளை சாகக் கிடக்கிறாள் என்று உறைத்தது. பெரிய ஜெபமெல்லாம் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, அவர அனுப்பாதீங்க. நீங்க வாங்க. எம் புள்ளைக்காக வாங்க" என்றேன்.

டோலக் சட்டென்று நின்றது. அந்த அமைதி சத்தத்தைவிடப் பயங்கரமாக இருந்தது. அடுத்து யாரோ கதவை உடைப்பதுபோல இடித்தார்கள். "ஏய் ரூபி! கதவத் தொற! துக்க வூட்ல இன்னாடி கூத்து இது?" பர்வீன் அக்கா. வயிற்றால் ஊர்ந்து போய், எக்கித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். திட்ட வந்தவர் கரியைப் பார்த்ததும், "அல்லா!" என்று அலறி ஜன்னல்களைத் திறந்தார். ஷீபாவை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டார். ஆட்டோவில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஆக்சிஜன் வைத்தார்கள். எரியும் கரியிலிருந்து வாசனையே இல்லாத விஷவாயு வரும், அது மூளைக்கு ஏறினால் இல்லாததெல்லாம் கேட்கும், தெரியும் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூன்று உயிரும் போயிருக்கும் என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். எனக்குக் கேட்டது விஷவாயுவின் வேலைதான், சரி.

கண் தெளிந்ததும் பர்வீன் அக்காவிடம், எப்படிச் சரியாக அந்த நேரத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நீதான டோலக்கு அடிச்சிகினு இருந்த? தொழுகைக்கு விரிப்பு போட்றேன், கீழ ஒரே சத்தம். வருசம் திரும்பாத வூட்ல எவன்டா அடிக்கிறான்னு கேக்கத்தான் எறங்கியாந்தேன்."

அவர் வீட்டில் கரி இல்லை. எங்கள் வீட்டில் டோலக் இல்லை. அடக்கம் முடிந்த கையோடு சபைக்குக் கொடுத்துவிட்டேன். கேரல் குழு அன்றைக்கு மணலி புதுநகரில் இருந்தது, விசாரித்தும்விட்டேன். இதை எழுதும்போதும் உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. டாக்டரிடம் நான் இதைப் பற்றிக் கேட்கவில்லை. "நீங்க வாங்க" என்று ஆண்டவரைக் கூப்பிட்டேன். வந்தார். எப்படி வந்தார் என்பது அவர் பாடு.

ஜனவரியில் ஷீபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் அழுதால் மூன்று மாடிக்குக் கேட்கும். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இப்போது அடுப்பு வராந்தாவை விட்டு நகர்வதில்லை. மழை பெய்தால் அன்றைக்குக் கேக் இல்லை, அவ்வளவுதான். மாத்திரை போடுகிறேன், உட்கார்ந்து சாப்பிடுகிறேன், அழுகை வந்தால் பர்வீன் அக்காவிடம் போய் அழுகிறேன். பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்வதை நான் துக்கம் என்று நினைத்திருந்தேன். கர்த்தர் நமக்குக் கொடுத்த உடம்பும் அவருடையதுதானே?

இந்தக் கிறிஸ்துமஸில் ஊரே சிரிக்கும்போது உங்களுக்கு மட்டும் நெஞ்சு அடைக்கிறதா? அவரைக் கூப்பிடுங்கள். வார்த்தை வராவிட்டாலும் கூப்பிடுங்கள், அவருக்குக் கேட்கும். உங்கள் தெருவில் துக்க வீடு இருந்தால், வரவேண்டாம் என்று அவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் போகாதீர்கள். போய்க் கதவைத் தட்டுங்கள். திறக்காவிட்டால் இன்னும் பலமாகத் தட்டுங்கள்.