களை என்றாள் டீச்சர்

மல்லேஸ்வரத்தில் எங்கள் அடுக்குமாடிச் செயலாளர் தொட்டியிலிருந்த தும்பையைக் காட்டி, "நேட்டிவ் பிளான்ட், மேடம். மழைக்கப்புறம் தேனீ எல்லாம் இதுக்குத்தான் வரும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். போன வருடம் இதையே பிடுங்கி எறியச் சொன்னவர். எனக்கு ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஞாபகம் வந்தது.

லிங்கராஜபுரம் பள்ளியில் சரஸ்வதி பூஜைக்கு எல்லாரும் கடை ரோஜா கொண்டுவந்தார்கள். நான் தண்டவாளத்தோரம் ஒடித்த தும்பைக் கொத்தை டீச்சரிடம் நீட்டினேன்.

"சீ, இது களைடி!" என்று குப்பைக்கூடையில் போட்டாள். வகுப்பே சிரித்தது.

சற்று நேரத்தில் ஜன்னல் வழியே வந்த தேனீக்கள் ரோஜாக்களைச் சீண்டவே இல்லை. நேரே கூடையை மொய்த்தன. டீச்சர் அலறி நாற்காலிமேல் ஏறினாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். வெயிலில் முட்டி போட வைத்தாள்.

முட்டி எரிந்தது. ஆனால் அதன்பின், பூ எது களை எது என்றே தெரியாத அவள் "நல்லா படிக்கிறே" என்று மெச்சியபோதுகூட நான் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.