பாதியில் நின்ற ஜெபமாலை

மே மாதக் கடைசி. மழை முந்திக்கொண்டது. விடியலில் மீன் பிடிக்கப் போன என் கணவரின் டிங்கிப் படகு, சாயங்காலம் ஆகியும் எங்கள் ஜங்லிகாட் கரைக்குத் திரும்பவில்லை. கூடப் போனவர்கள் வந்துவிட்டார்கள். காற்று மாறிய பிறகு அவரைப் பார்க்கவில்லை என்றார்கள்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவரை விட்டால் இந்தத் தீவில் எனக்குக் கைக்குழந்தை ஜெசிந்தா மட்டும்தான். நம்பிக்கை அற்றுப்போனது.

கன்னியர் பள்ளியில் படித்தவள் நான். ஜெபிக்க முக்காடு வேண்டும், முழங்காலிட வேண்டும், கவனம் சிதறக் கூடாது. ஒரு மந்திரம் தடுமாறினாலும் ஜெபமாலையை முதலிலிருந்து தொடங்குவேன். அவர் வரும்வரை உபவாசம் என்றும் நேர்ந்துகொண்டேன். மறுநாள் காலையிலும் அப்படியே முழங்காலில் இருந்தேன். குழந்தை அழும், தடுமாறுவேன், மறுபடி முதலிலிருந்து. ஒரு ஜெபமாலைகூட முடியவில்லை. என் தவறால்தான் ஆண்டவர் கேட்கவில்லையோ என்று இன்னும் நடுங்கினேன்.

பக்கத்து வீட்டு மரியம், என் வயதுக்காரி, கஞ்சிச் சட்டியோடு உள்ளே வந்தாள்.

“ஏட்டி செல்வி, புள்ள தொண்ட கிழியக் கத்துதே, காதுல விழலியா?”

“ஜெபமாலையில இந்தப் பத்து மணிய முடிச்சிருதேன்.”

“நீ முடிக்கதுக்குள்ள அது கடலத் தாண்டி மெயின்லேண்டுக்கே கேட்டுரும். ஆண்டவரு என்ன உங்க பள்ளிக்கூடத்து சிஸ்டரா, பிரம்ப வச்சிக்கிட்டு நிக்கதுக்கு? பால் குடுக்கவ பட்டினி கிடக்கலாமா? குடி இத!”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கஞ்சியைக் குடித்தேன். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தேன். ஜெசிந்தா என் முக்காட்டை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். ஜெபமாலை எங்கோ கிடந்தது. அந்தக் கோலத்தில், நான் யோசிக்காமலே, வாய் திறந்துவிட்டது.

“ஏசப்பா, எனக்குப் பயமா இருக்கு. அவிய இல்லாம என்னால முடியாது. கொண்டாந்து சேத்துருங்க.”

அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து ஜெபம் சொன்னவள் நான். ஆண்டவரிடம் பேசியது அன்றுதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. கணவர் இன்னும் கடலில்தான் இருந்தார். ஆனால் என் நடுக்கம் நின்றுவிட்டது. குழந்தையோடு நானும் கண்ணயர்ந்தேன்.

மத்தியானம் தெருவே கூச்சலிட்டது. வாசலில் அவர்! காற்று டிங்கியை ஹேவ்லாக் தீவுப் பக்கம் தள்ளியிருக்கிறது. அங்கே குடியேறியிருந்த வங்காளிகள் கரையேற்றி, மழை விட்டதும் படகோடு கூட வந்து விட்டுப் போயிருக்கிறார்கள்.

“‘பைட்டோ, பைட்டோ’ன்னு உக்கார வச்சு மீன் கொழம்பும் சோறும் போட்டாவ. வேண்டாம்னாலும் விடல. நீ ஏன் இப்படி வாடிக் கிடக்க?” என்றார்.

“ஒமக்காக இவ பட்டினி, நீரு அங்க விருந்து!” என்றாள் மரியம். தெருவே சிரித்தது. நான் எல்லார் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கமே வரவில்லை.

இன்றும் ஜெபமாலை சொல்கிறேன், ஆசையாக. நடுவில் பால் பொங்கினால் இறக்கி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். துணி துவைக்கும்போதும் ஆண்டவரிடம் பேசுகிறேன். சில நாள் சண்டைகூடப் போடுகிறேன். ‘சரியாக ஜெபித்தேனா’ என்ற பயம் போய், வீட்டில் சிரிப்பு வந்திருக்கிறது. ஆண்டவருக்கே நன்றி.

இதை வாசிக்கும் சகோதரியே, கையில் வேலையும் இடுப்பில் பிள்ளையுமாக நிற்கிறாயா? நேரம் வரட்டும் என்று காத்திருக்காதே. இருக்கிறபடியே கூப்பிடு. அவர் கேட்பார்.