பக்கத்து சீட்

கோம்பை சுருளிவேலுக்கு ஒரே ஒரு ஆசைதான். பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து வண்டி ஓட்ட வேண்டும். சொந்தமாக ஜீப் வைத்திருக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு ஆசையா என்று சிரிப்பீர்கள். அவன் ஜீப்பை ஒருதரம் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

விடிவதற்கு முன்னால் கிளம்பி, கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளாவில் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் பதினாறு பெண்களை இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்ப ஏற்றிவர வேண்டும். இருபத்தாறு வருஷமாக இதே பிழைப்பு. முன்சீட்டு கங்காணி சங்கிலியம்மாளுக்கும் அவள் சொந்தக்காரிகள் இரண்டு பேருக்கும். சுருளிவேல் மனைவி பவானியும் அதே தோட்டத்தில்தான் காய் எடுக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பின்னால்தான் இடம், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, முட்டியோடு முட்டி இடிக்க. கங்காணியைப் பகைத்தால் மறுநாள் பதினாறு பேரும் வேறு ஜீப்பில் ஏறிவிடுவார்கள். அவன் ஒருநாள் படுத்துக்கொண்டால் பதினாறு வீட்டுக்குக் கூலி இல்லை. காய்ச்சலோடும் ஓட்டினான். தோட்டத்து கேட்டில் தினமும் இடதுபக்கம் திரும்புவான். அந்த ரோடு நேராக எங்கே போகிறது என்று போய்ப் பார்த்ததில்லை.

பெண்கள் காய் எடுக்கிற எட்டு மணி நேரமும் அவனுக்கு வேலையும் கிடையாது, எங்கேயும் நகரவும் முடியாது. தோட்ட முதலாளியின் பங்களா ஷெட்டுக்கு எதிரே குத்தவைத்திருப்பான். ஷெட்டுக்குள் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் கிடந்தது. முதலாளி மகன் ஓட்டியது. அவன் கனடா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இரண்டே கதவு, இரண்டே சீட். அந்த இரண்டு சீட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் சுருளிவேலுக்குக் கிறுக்குப் பிடித்தது. எந்தக் கங்காணியும் அதில் மூன்றாவதாக ஏற முடியாதே!

போன வருஷம் முதலாளி மலையாளத்தில், "ஈ சாதனம் நீ கொண்டுபொய்க்கோ" என்று பழைய இரும்பு விலைக்கு அதைத் தள்ளிவிட்டார். உரம் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

ராயப்பன்பட்டி மெக்கானிக் இமானுவேல் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இன்ஜின் பரவால்லண்ணே. பிரேக்குதான். நாலும் டிரம்மு, அதுவும் தேஞ்சு கெடக்கு. இத வச்சு மெட்டு இறங்குனா நாலாவது வளைவுல சூடேறி மிதி தரைக்குப் போயிரும்."

"புதுசா டிஸ்க் செட்டு போட்டா?"

"அதுக்கு நீங்க ஜீப்ப விக்கணும்."

பவானி ஏலச்சீட்டு எடுத்துக் கொடுத்த முப்பதாயிரத்துக்குள் முடிக்க வேண்டும். தேனியில் பழைய பார்ட்ஸ் கடை ஒன்று விடாமல் இரண்டு பேரும் சலித்தார்கள். எங்கேயோ அடிபட்ட சின்னக் கார் ஒன்றிலிருந்து முன் சக்கரத்துக்கு டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் கிடைத்தன. ஒரு பழைய வேனிலிருந்து, இன்ஜின் ஓட்டத்தில் மிதிக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டர் கிடைத்தது. டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தினார்கள். பேடு, ரப்பர் ஹோஸ், பிரேக் ஆயில் மூன்றையும் மட்டும் புதிதாக வாங்க வைத்தான் இமானுவேல். "இரும்பு பழசா இருக்கலாம்ணே. இதுல மிச்சம் பிடிச்சா அந்தக் காசு நமக்கு மாலை வாங்கத்தான் ஆகும்" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேக் லைனில் காற்று எடுத்தார்கள். பவானி சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, கீழே படுத்திருந்த சுருளிவேல், "மிதி, மிதி, அப்படியே பிடிச்சுக்க" என்று சொல்லச் சொல்ல, மிதி மெல்ல மெல்ல கெட்டிப்பட்டது. "இப்பத்தாங்க கால் நிக்குது" என்று அவள் சொன்னபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தான்.

சாவியைக் கொடுக்கும்போது இமானுவேல் கறாராகச் சொன்னான். "அண்ணே, ஜீப்புல இறங்குற மாதிரி இதுல இறங்காதீக. இன்ஜின் ஓடுனாத்தான் பூஸ்டர் வேலை செய்யும். ஆஃப் பண்ணுனா ரெண்டு மிதிதான். மூணாவது மிதி கல்லு." அவன் சொன்னதில் அர்த்தம் இருந்தது. மெட்டு உச்சி வந்ததும் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் விட்டுத்தான் சுருளிவேல் தினமும் இறங்குவான். அவன் பழைய ஜீப்பில் பூஸ்டர் கிடையாது. இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மிதி ஒன்றுதான். சத்தம் நின்று காற்று மட்டும் கேட்கிற அந்த அரைமணி நேரம்தான் பின்னால் பெண்கள் கண்ணயர்கிற நேரம்.

"எனக்குத் தெரியாதாடா" என்றான் சுருளிவேல்.

அடுத்த ஞாயிறு பவானி நல்ல சேலை கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தோட்டத்து கேட் வந்தது. திரும்பாமல் நேரே போனான். நெடுங்கண்டத்தில் பரோட்டா சாப்பிட்டார்கள். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். இத்தனை பேச்சு இவளுக்குள் இருந்ததா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

திரும்பும்போது மெட்டு உச்சியைத் தாண்டியதும், அவள் எதற்கோ சிரிக்க, இவனும் சிரித்தான். கை தன்பாட்டுக்குப் போய் கியரைத் தட்டி, சாவியைப் பாதி திருப்பி இன்ஜினை அணைத்தது. அவனுக்கே தெரியாது. முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவதிலும் பிடித்தது. மூன்றாவதில் மிதி இறங்கவில்லை.

இரண்டு காலையும் வைத்து ஏறி மிதித்தான். வண்டி தயங்கியதே தவிர நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கருகல் வாடைதான் வந்தது. ஒருபக்கம் மலை, மறுபக்கம் தடுப்புச் சுவரும் பள்ளமும்; ஒதுங்க வழியில்லை. சாவியைத் திருப்பி, மூன்றாவது கியரில் போட்டு கிளட்சை விட்டான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி இன்ஜின் பிடித்துக்கொண்டது. மிதி இறங்கியது. தடுப்புச் சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கீழே கம்பம் திராட்சைப் பந்தல்கள் பச்சையாகத் தெரிந்தன.

பவானி அழவில்லை. அவன் பக்கம் திரும்பிக் கேட்டாள். "என்னாச்சு?"

சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை.

"அப்ப ஜீப்புலயும் இப்படித்தானா? இத்தன வருஷமும் எங்கள ஆஃப் பண்ணிப் போட்டுத்தான் இறக்குனீகளா?"

"அது பழகுன வண்டி புள்ள. இன்னைக்கு நான் வேணும்னு பண்ணல. கைதான்..."

"நாங்க தூங்கிக்கிட்டு வந்தோம்" என்றாள் பவானி.

திங்கட்கிழமை விடியுமுன் ஜீப் வழக்கமான இடத்தில் நின்றது. சங்கிலியம்மாள் முன்சீட்டில் ஏறக் காலெடுத்து வைத்தாள்.

"யக்கா, நீங்க பின்னாடி போங்க. இனிமே நான் இங்கன உக்காரணும்" என்றாள் பவானி.

கங்காணி சுருளிவேலைப் பார்த்தாள். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். அந்த நேரத்தில் வேறு ஜீப் பிடிக்க முடியாமல் அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள்.

சாயங்காலம் மெட்டு உச்சி வந்தது. சுருளிவேலின் கை தன்பாட்டுக்குச் சாவிக்குப் போனது. அங்கே பவானியின் உள்ளங்கை ஏற்கெனவே சாவியை மூடிக்கொண்டிருந்தது. இன்ஜின் இரைச்சலோடு இறங்கினார்கள்; பின்னால் ஒருத்தியும் தூங்கவில்லை. இத்தனை வருஷம் ஆசைப்பட்டபடி அவள் பக்கத்தில்தான் இருந்தாள். கம்பம் வரைக்கும் ஒருதரம்கூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.