நான் பொரித்த முதல் மீன்

கல்யாணமாகிப் பூனாகலைப் பக்கத்து மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாருமே திருச்சிப் பக்கத்து உள்நாட்டுக்காரர்கள். நான் ஒருத்திதான் இராமநாதபுரத்துக் கடற்கரையில் பிறந்தவள். எனக்கு ஏழு வயதாகும்போது அப்பாவைக் கடல் கொண்டுபோனது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியின் ஆட்களோடு இலங்கைக்கு வந்துவிட்டாள். ஆனாலும் லயத்துப் பெண்களுக்கு நான் 'மீன்காரி'தான். முதலில் அந்தப் பெயர் சுட்டது. பிறகு அதையே பெருமையாக்கிக்கொண்டேன்.

"கருவாடெல்லாம் ஒரு சாப்பாடா? எங்க ஊர்ல மீனத் துடிக்கத் துடிக்கப் பொரிச்சுத் திம்போம்" என்று கொழுந்து பறிக்கும்போது அளப்பேன். அந்த மலைக்குப் பச்சை மீன் வர வழியில்லை. அதனால் என் பேச்சைச் சோதித்துப் பார்க்கவும் ஆளில்லை.

பண்டாரவளைக்கு ரயில் வந்து சில வருடங்கள் கழித்து அந்தத் தைரியம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போன என் வீட்டுக்காரர், முஸ்லிம் நானா கடையில் வாங்கிய ஒரு பாரை மீனை வாழைச் சருகில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"இந்தா புள்ள, எத்தன வருசமா ஏங்குன. இன்னைக்கு ஒன் கையால பொரி."

வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் அதுவரை ஒரு மீனைக்கூடப் பொரித்ததில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. துண்டு போட்டேன், மஞ்சளும் மிளகாயும் அரைத்துத் தடவினேன். சட்டி காய்வதற்குள் எண்ணெயை ஊற்றி மீனைப் போட்டேன். போட்டதுமே புரட்டினேன். தோல் சட்டியோடு ஒட்டிக்கொண்டது, சதை சிதறியது. கரண்டி பட்ட இடமெல்லாம் பிய்ந்து வந்தது. வெளியே அக்கா, "வாசன தூக்குதே!" என்றாள். எனக்குக் கண்ணீர் முட்டியது.

உடைந்ததை மறைக்க மேலே எதையாவது ஊற்றியாக வேண்டும். வீட்டில் புளி தீர்ந்திருந்தது. கொல்லைச் சாக்கடை ஓரத்தில் தானாக முளைத்த மரத்தக்காளி செடி ஒன்று இருந்தது. பிள்ளைகள் மட்டும்தான் அதைப் பறித்துத் தின்பார்கள். ஐந்தாறு பழங்களைத் தணலில் சுட்டுத் தோலை உரித்தேன். பூண்டு, சீரகம், காய்ந்த மிளகாய் வைத்து அம்மியில் அரைத்தேன். மீன் பொரித்த எண்ணெயிலேயே அதை வதக்கி, உப்பும் துளிக் கருப்பட்டியும் போட்டு, கெட்டியானதும் உடைந்த மீன்மேல் கொட்டினேன்.

எல்லாரும் விரலை நக்கினார்கள். "ஒங்க ஊர்ல இப்புடித்தான் செய்வாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமாக்கா" என்றேன்.

அந்த 'ஆமா' என்னை விடவில்லை. மீன் கிடைத்த நாளெல்லாம் லயமே அதைச் செய்தது. மீனை வேண்டுமென்றே உடைத்துப் போட்டார்கள். 'கடக்கரைத் தொக்கு' என்று பெயரும் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் வேகமாக விழுங்கிவிட்டு எழுந்துவிடுவேன்.

சில வருடங்களுக்குப் பிறகு எங்கள் கடற்கரையிலிருந்தே ஒரு குடும்பம் தோட்டத்துக்கு வந்தது. தொக்கு செய்த ஒரு நாள் அக்கா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிவந்து, "ஒங்க ஊரு சாப்பாடு, சாப்புடு" என்று தட்டை நீட்டினாள். அவள் ஒரு வாய் வைத்தாள், நன்றாக மென்றாள், பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நல்லாருக்கு. ஆனா இது எந்த ஊருச் சாப்பாடுங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எந்த ஊருதும் இல்ல. மீன் ஒடஞ்சு போச்சு, மறைக்கிறதுக்கு நானாச் செஞ்சது. எங்க வீட்ல மீன் பொரிச்சதே இல்ல. அப்பா புடிச்ச நல்ல மீனெல்லாம் கரையிலேயே யாவாரிக்குப் போயிரும். வலையில நசுங்கின பொடி மீன அம்மா உப்புப் போட்டு அவிப்பா. எண்ணெ வாங்க ஏது வழி?"

சிரிப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். புதிதாக வந்தவள், "எங்க வீட்லயும் பொடி அவியல்தான்" என்றாள்.

"இத்தன வருசம் இத மனசுல வச்சுக்கிட்டா இருந்த?" என்று அக்கா கேட்டுவிட்டு, என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அன்றைக்குத்தான் அந்தத் தொக்கின் ருசி என்னவென்று கவனித்துச் சாப்பிட்டேன். புளிப்பு முதலில் வந்தது, இனிப்பு ரொம்பப் பின்னால் வந்தது.